சர்க்கரையை நிறுத்தினா புற்று பட்டினி கிடக்குமா?

சரோஜா பெரியம்மா: (பலமுறை பகிரப்பட்டது) புற்றுக்கு உணவே சர்க்கரைதான். பெட் ஸ்கேன் படத்தில் கட்டி சர்க்கரையை இழுத்துப் பளிச்சிடுவதே சாட்சி! சோறு, இனிப்பு நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும்.

சரோஜா பெரியம்மா: நிர்மலா, நெசமா? எதிர் வீட்டுப் புள்ளைக்கு ரத்தப் புற்று, ஏஎல்எல். கீமோ ஓடுது. அவங்க அம்மா சோத்தைக் குறைச்சிட்டாங்க.

நிர்மலா: உடனே நிறுத்தச் சொல்லுங்க பெரியம்மா. நாம சாப்பிடலைன்னாலும் ரத்தத்துல சர்க்கரை தீராது, தசையைக் கரைச்சு கல்லீரலே செஞ்சு விடும். இளைக்கிறது புள்ளைதான், புற்று இல்ல. எடை இறங்குனா மருந்தைத் தாங்காது, டோஸ் தள்ளிப்போகும்.

நிர்மலா: பெட் ஸ்கேன் விஷயம் உண்மைதான். ஸ்கேனுக்கு முன்னாடி ஊசில போற எஃப்டிஜிங்கிற கதிரியக்க மருந்து, குளுக்கோஸ் வேஷத்துல செல்லுக்குள்ள போய், பாஸ்பேட் ஒட்டினதும் அடுத்த படி ஏற முடியாம மாட்டிக்கும். பசி அதிகமான இடம் பளிச்சுன்னு தெரியும். ஆனா மூளையும் அதே மாதிரிதான் பளிச்சிடும்.

சேகர் மாமா: புற்றுக்கு ஏன்பா இவ்வளவு பசி?

செந்தில்: 1920கள்ல பெர்லின்ல ஓட்டோ வார்பர்க்ங்கிற விஞ்ஞானி கண்டது மாமா. ஆக்சிஜன் இருக்கும்போதே புற்று செல் குளுக்கோஸை லாக்டிக் அமிலமா புளிக்க வைக்குது. முழுசா எரிச்சா ஒரு குளுக்கோஸுக்கு 30 ஏடிபி கிட்ட வரும், அதுதான் செல்லோட கரண்டு. புளிக்க வெச்சா வெறும் 2.

சேகர் மாமா: நஷ்ட வியாபாரமா இருக்கே!

செந்தில்: அதுக்கு கரண்டு மட்டும் போதாது, செங்கலும் வேணும். ஒரு செல் ரெண்டாக டிஎன்ஏ, சவ்வு, புரதம் எல்லாம் இன்னொரு பங்கு கட்டணும். முழுசா எரிச்சா கார்பன் கரியமில வாயுவா போயிடும். பாதி வழியில கிளை பிரிச்சா டிஎன்ஏக்கு ரைபோஸ், புரதத்துக்கு செரின், சவ்வுக்குக் கொழுப்புன்னு கட்டுமானத்துக்கு ஆகும். செல்லோட அடுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதுன்னு வார்பர்க் நெனச்சது தப்பு. பெரும்பாலும் அது நல்லாவே ஓடுது, குளூட்டமின்ங்கிற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும் எடுத்துக்குது. ஒரு கதவை அடைச்சா இன்னொண்ணு திறந்திருக்கும்.

சேகர் மாமா: அப்போ பட்டினியே போட முடியாதா?

நிர்மலா: ஏஎல்எல்-லயே முடியும். அஸ்பராஜின்ங்கிற அமினோ அமிலத்தை நம்ம செல்கள் தாங்களே செஞ்சுக்கும். அந்த ரத்தப் புற்று செல்லுக்கு அதைச் செய்யற நொதி ரொம்பக் குறைவு, ரத்தத்துல இருந்துதான் எடுக்கணும். அஸ்பராஜினேஸ்ங்கிற நொதி ஊசி ரத்தத்துல இருக்கிறதை உடைச்சிடும்.

செந்தில்: 1953ல கிட்ங்கிற ஆய்வாளர், கினிப்பன்றி சீரம் எலியோட நிணநீர்ப் புற்றைக் கரைக்கிறதைப் பார்த்தார். அதுல வேலை செஞ்சது இந்த நொதின்னு 1961ல புரூம் காட்டினார்.

நிர்மலா: மருந்து புரதம். குப்பியைக் குலுக்கினா நுரைச்சுக் கெடும். சில புள்ளைகளுக்கு அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லாமலே எதிர்ப்புரதம் வந்து மருந்தை முடக்கிடும். அதுக்குத்தான் ஊசி போட்ட பிறகு ரத்தத்துல நொதியோட அளவைப் பார்க்கணும். மில்லிக்கு 0.1 யூனிட்டுக்குக் கீழ இருந்தா எர்வினியாங்கிற பாக்டீரியாவோட நொதி வகைக்கு மாத்துவாங்க.

சேகர் மாமா: வைத்தியம் முடிஞ்சும் திரும்ப வருதே, அது?

செந்தில்: தப்பிச்ச செல்கள் அஸ்பராஜின் செய்யற நொதியை மறுபடி செய்ய ஆரம்பிக்கும். எலும்பு மஜ்ஜைல பக்கத்து செல்கள் அஸ்பராஜினையும், கொழுப்பு செல்கள் குளூட்டமினையும் ஊட்டி விடும். இன்னொரு வழி என்டி5சி2ங்கிற நொதியோட மரபணு மாறுறது. ஏஎல்எல்-க்குக் குடுக்கிற 6எம்பி மாத்திரை, டிஎன்ஏவோட செங்கலான பியூரின் வேஷத்துல டிஎன்ஏக்குள்ள போற மருந்து. மாறின நொதி அதோட பாஸ்பேட்டைப் பிடுங்கி வெளியே அனுப்பிடும்.

நிர்மலா: அந்த மாத்திரையை வீட்டுலதான் குடுக்கிறாங்க. புள்ளை நல்லா விளையாடுதுன்னு நாள் தவறினா மறுபடி வர்ற ஆபத்து கூடும். டாக்டர் சொல்லாம ஒரு நாள்கூட விடக் கூடாது.

சரோஜா பெரியம்மா: சாப்பாடு என்ன குடுக்கச் சொல்ல?

நிர்மலா: சூடா சோறு, பருப்பு, நல்லா வெந்த முட்டை. ஊசி ஓடுற நாள்ல சுகர் ஏறினா இன்சுலின் போடுவாங்க, அதுக்காக வயித்தைக் காயப் போட வேண்டாம். மேல் வயித்துல வலி வந்து முதுகுக்குப் போனாலோ, விடாத தலைவலி வந்தாலோ ராத்திரின்னு பார்க்காம கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. வயித்து வலிக்கு ரத்தத்துல லைபேஸ்ங்கிற கணைய நொதியைப் பார்ப்பாங்க, தலைவலிக்கு மூளைல ரத்தம் உறைஞ்சிருக்கான்னு பார்ப்பாங்க.

சரோஜா பெரியம்மா: இப்பவே போய் சொல்லிட்டு வர்றேன்.