உதவி தேவை: டிரை ஹாப் செய்த பேல் ஏலில் வெண்ணெய் வாடை, திறந்தால் பொங்கி வழிகிறது

பொங்கோல்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் பீர் காய்ச்சி வருகிறேன். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் என்ற வரம்புக்குள் நிற்க எப்போதும் 20 லிட்டர்தான் செய்வேன். இந்த முறை அமெரிக்கப் பாணி பேல் ஏல். தொடக்க ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; சர்க்கரை நொதிக்க நொதிக்க இறங்கும்) 1.052. ஈஸ்ட் யூஎஸ்-05. பழைய குளிர்பதனப் பெட்டியில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி 19 டிகிரியில் நொதிக்கவிட்டேன். அடுத்தடுத்த நாள் பார்த்தபோது 1.012-இல் அசையாமல் நின்றது. பிறகு டிரை ஹாப், அதாவது 120 கிராம் சிட்ரா வகை ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கொதிக்கவைக்காமல் நேரே பீரில் போட்டு நான்கு நாள் வைத்தேன். போத்தலில் வாயு உண்டாக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்து, அரை லிட்டர் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்தேன்.

அடைக்கும்போது ருசித்ததில் எந்தக் குறையும் இல்லை. மாம்பழமும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணம். சென்ற வாரம் பீர் ஆர்வமுள்ள நண்பர்கள் சேர்ந்து ருசிக்கக் கூடினோம். முதல் மிடறிலேயே ஒருவர் “பாப்கார்ன்” என்றார். எனக்கும் உருக்கிய வெண்ணெய் தெளிவாகத் தெரிந்தது, நாக்கில் ஒரு வழவழப்பும் இருந்தது. இன்னொரு நண்பருக்கோ எதுவுமே தெரியவில்லை. போத்தலைத் திறந்ததும் பாதி நுரையாகப் பொங்கி மேசையில் வழிந்தது.

கிருமித் தொற்றா? மிச்சமிருக்கும் முப்பதுக்கு மேற்பட்ட போத்தல்களைக் கொட்டிவிட மனம் வரவில்லை.

நுரைவிரும்பி:
வெண்ணெய் வாடையும் பொங்குதலும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது பெடியோகாக்கஸ் பாக்டீரியாதான். குழாய், வால்வு, போத்தல் நிரப்பும் கோல் எல்லாவற்றையும் பிரித்துக் கழுவுங்கள். பிளாஸ்டிக் குழாய் பழையதென்றால் தயங்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.

ஹாப்பிரியன்:
கொட்ட வேண்டாம், சற்றுப் பொறுங்கள். ஆனால் முதலில் பாதுகாப்பு. போத்தல்கள் சமையலறை அலமாரியில் 30 டிகிரி வெப்பத்தில் நிற்கின்றன என்றால், இதைப் படித்ததும் எழுந்துபோய் எல்லாவற்றையும் குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். தடித்த கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் அணியாமல் தொடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கம் விடாதீர்கள். கண்ணாடிப் போத்தல் வெடித்தால் விளையாட்டல்ல.

பிறகு மூன்று விவரங்கள் வேண்டும். பீரில் புளிப்பு தெரிகிறதா? போத்தலில் இருக்கும் பீரின் ஒப்படர்த்தி இப்போது எவ்வளவு? இரண்டு கோப்பைகளுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றி வாயுவை முழுதும் வெளியேற்றிய பிறகு அளந்து பாருங்கள். ஒப்படர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) குறைத்துக் காட்டும். ஆகவே 20 டிகிரியில் அளப்பது முக்கியம். கடைசியாக, எல்லாப் போத்தல்களிலும் வெண்ணெய் ஒரே அளவாக இருக்கிறதா?

பொங்கோல்வாசி:
அண்ணா, அனைத்தும் இப்போது குளிரில் இருக்கின்றன. புளிப்பு துளியும் இல்லை. வாயு நீக்கி 20 டிகிரியில் அளந்தேன்: 1.008. மூன்றாவது கேள்வி கேட்டதற்கு மிக்க நன்றி, அது எனக்குத் தோன்றவே இல்லை. அடைத்த சில நாட்களிலேயே குளிர்பதனப் பெட்டிக்குள் போன போத்தல்களில்தான் வெண்ணெய் கடுமையாக இருக்கிறது. அலமாரியிலேயே நின்றவற்றில் வெண்ணெய் குறைவு, ஆனால் பொங்குதல் அதிகம்.

ஹாப்பிரியன்:
இது தொற்றாக இருக்க வாய்ப்பு குறைவு. பெடியோகாக்கஸ் என்றால் வெளியில் நின்ற போத்தல்களில் நாளாக ஆக வெண்ணெய் கூடியிருக்கும், புளிப்பும் தலைகாட்டியிருக்கும். உங்களிடம் நேர்மாறாக நடக்கிறது. நல்ல கசப்புள்ள பேல் ஏலில் அந்த வகைப் பாக்டீரியா எளிதில் பெருகவும் முடியாது. ஹாப்ஸின் கசப்பு அதைத் தடுக்கும்.

உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே: அந்த 120 கிராம் சிட்ரா. ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் கொஞ்சம் உண்டு. வோர்ட்டில் (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாற்றில்) கொதிக்கும் ஹாப்ஸில் அவை அழிந்துவிடும். டிரை ஹாப்பில் அழியாமல் பீருக்குள் போகும். ஈஸ்ட்டால் உண்ண முடியாமல் மிஞ்சியிருந்த டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை அவை மெல்ல உடைத்துச் சர்க்கரையாக்கும். தூங்கப் போன ஈஸ்ட் மறுபடி எழுந்துகொள்ளும். இதைக் காய்ச்சுபவர்கள் ‘ஹாப் க்ரீப்’ என்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல: பிரவுன், மாரிஸ் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893-லேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள். பீரில் ஹாப்ஸை வாரி இறைக்கும் பாணி பரவிய பிறகுதான் உலகம் அதைத் தேடி எடுத்தது.

1.012 என்பது ஹாப்ஸ் போடும் முன் நின்ற இடம். பிறகு நான்கு புள்ளி இறங்கியிருக்கிறது. ஒரு புள்ளிக்குத் தோராயமாக அரைப் பருமன் (ஒரு பருமன் என்பது பீரின் கொள்ளளவுக்குச் சமமான வாயு) கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால், பீரில் ஏற்கெனவே கரைந்திருந்ததும் உங்கள் சர்க்கரை கொடுத்ததும் சேர்ந்த சுமார் 2.4 பருமனோடு இன்னும் இரண்டு பருமன் வரை சேர்ந்திருக்கலாம். சாதாரண பீர் போத்தல் இவ்வளவு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

வெண்ணெய்க்கு வருவோம். ஈஸ்ட் வேலை செய்யும்போது ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருளை வெளியே விடும். அது பீரில் தானாகவே டயசெட்டிலாக மாறும். வெண்ணெய் வாடை அதுதான். பிறகு ஈஸ்ட்டே அதை உள்ளிழுத்து, மணம் தெரியாத பொருளாக மாற்றிவிடும். வேலை பாதியில் இருக்கும்போது குளிரில் வைத்தால் ஈஸ்ட் உறங்கிவிடும், வெண்ணெய் அப்படியே தங்கிவிடும்.

நுரைவிரும்பி:
அந்த 1.008 அளவைப் பார்த்த பிறகு நானும் இதையே ஏற்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: டெக்ஸ்ட்ரினையும் உண்ணும் டயஸ்டாட்டிகஸ் வகைக் காட்டு ஈஸ்ட் புகுந்திருந்தாலும் ஒப்படர்த்தி இறங்கும். அது சில புள்ளிகளோடு நிற்காது, வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே மறுபடி அளக்காமல் விட்டுவிடாதீர்கள்.

பொங்கோல்வாசி:
புரிகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல். வெளியே வைத்தால் ஈஸ்ட் வெண்ணெயைத் தின்னும், போத்தல் வெடிக்கும். உள்ளே வைத்தால் போத்தல் பிழைக்கும், வெண்ணெய் நிற்கும். என்ன செய்வது?

ஹாப்பிரியன்:
வாயுவை வெளியேற்றிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். முழுதாக ஒரு நாள் குளிரில் இருக்கட்டும், அப்போதுதான் வாயு பீருக்குள் கரைந்து அடங்கும். பிறகு ஒவ்வொரு போத்தலையும் துண்டில் சுற்றிப் பிடித்து, மூடியை மெல்ல நெம்புங்கள். சீறல் அடங்கும்வரை விட்டு, உடனே புதிய மூடி போட்டு அழுத்துங்கள். நுரை ஏறி வந்தால் நெம்புவதை நிறுத்தி, அடங்கிய பின் தொடருங்கள். காற்று உள்ளே போனால் சிட்ராவின் மணம் கெடும். ஆகவே மூடியை முழுதாகக் கழற்றியபடி விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

அதன் பிறகு போத்தல்களை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, நொதிக்கும் குளிர்பதனப் பெட்டியில் 20 டிகிரியில் நிறுத்துங்கள். சமையலறையின் 30 டிகிரி வேண்டாம். மூன்று நாள் கழித்து மீண்டும் ஒரு நாள் குளிரவைத்து, ஒன்றைத் திறந்து அளந்து, முகர்ந்து பாருங்கள். அழுத்தம் ஏறியிருந்தால் இன்னொரு முறை வாயுவை விடுங்கள்.

அடுத்த முறைக்கு: ஒப்படர்த்தி நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டியது டிரை ஹாப் முடிந்த பிறகு. அப்போது ஒரு மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூடியிட்டு 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். ஆறவிட்டு இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால், டயசெட்டிலாக மாறும் அந்த மூலப்பொருள் இன்னும் பீரில் மறைந்திருக்கிறது என்று அர்த்தம். சில நாள் காத்திருந்து மறுபடி சோதியுங்கள். இரண்டிலும் வராத நாளில் போத்தலில் அடைத்துவிடுங்கள். எல்லாருக்கும் இந்த மணம் பிடிபடாது. உங்கள் நண்பருக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான். பாப்கார்ன் என்று சொன்னவரை அன்று கட்டாயம் கூப்பிடுங்கள்.

பொங்கோல்வாசி:
தகவல் தெரிவிக்க வந்தேன். முதல் முறை வாயு விட்டபோது சீறல் பயமுறுத்தியது; இரண்டாம் முறை லேசாகத்தான் வந்தது. ஒப்படர்த்தி 1.008-லேயே நிற்கிறது. நேற்று அதே நண்பர்களோடு மூன்று கோப்பைச் சோதனை நடத்தினேன்: இரண்டில் சரிசெய்த பீர், ஒன்றில் குளிரிலேயே விட்டிருந்த பழைய பீர். பாப்கார்ன் என்றவர் அந்த ஒன்றை உடனே எடுத்துக் காட்டினார், மற்ற இரண்டில் வெண்ணெயே இல்லை என்றார். சிட்ராவின் மணம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அதில் வருத்தம்தான். இனி எல்லாவற்றையும் குளிரில் வைத்துவிடலாமா?

ஹாப்பிரியன்:
இன்றே வைத்துவிடுங்கள். ஹாப்ஸ் மணம் மங்கியது திரும்பாது; குளிரில் இருந்தால் மேலும் மங்குவது தாமதமாகும். இந்த மாதத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.