மூடி, சேண்ட் வெய்ல் மாதிரி லக்கு எபிலிட்டிய (போகிமானுக்கு தானா இருக்குற சக்தி) நம்ம போட்டியில தடை பண்ணலாமா?

ஹட்டன் கார்ச்சோம்ப்
தீவாளிக்கு கொழும்புல வேல செய்யிற பசங்க எல்லாம் தோட்டத்துக்கு வந்துருவாங்க, அப்ப கோயில் மண்டபத்துல ஒரு போகிமான் போட்டி வைக்கலாம்னு பாக்குறோம். எல்லாரும் போன்ல ஷோடவுன் (ஆன்லைன்ல போகிமான் சண்டை போடுற சைட்) தான், சிங்கிள்ஸ் (ஒண்ணுக்கு ஒண்ணு), நம்ம ரூல்ஸ்ல ஆடணும்னு கஸ்டம் கேம் போடுறோம், அதுல எதுவுமே தடை இல்லன்னு உங்களுக்கு தெரியும். ப்ராக்டிஸ்ல பொகவந்தலாவ தம்பி ஒருத்தன் மூடி எபிலிட்டி வச்ச கிளேலிங்கற போகிமான எறக்குனான். ப்ரொடெக்ட் (அந்த டர்ன் அடி படாது), சப்ஸ்டிட்யூட் (அடி வாங்க ஒரு பொம்மை), திரும்ப ப்ரொடெக்ட், லெஃப்ட்ஓவர்ஸ்ங்கற ஐட்டத்துல கொஞ்சம் கொஞ்சமா உசுரு ஏத்திக்கிட்டே இருந்தான், கடைசியில ஸ்பீடும் டிஃபென்ஸும் ஏறி ஒருத்தராலயும் தொட முடியல. பாதி பேரு தூக்குங்கறாங்க, பாதி பேரு கேம்ல இருக்குறது தானேங்கறாங்க. ரூல் எழுதுற வேல என் தலையில வந்து விழுந்துருச்சு. மூடி மட்டுமா, இல்ல சேண்ட் வெய்ல் (மணல் புயல்ல நம்ம அடிய மிஸ் ஆக வைக்கிறது), குயிக் க்ளா (சில நேரம் முந்தி அடிக்க வைக்கிற ஐட்டம்), செரீன் கிரேஸ் (அடியோட கூட வர்ற எஃபெக்ட் சான்ஸ ரெட்டிப்பாக்குறது) எல்லாமா? எங்க கோடு போடுறது?

பண்டாரவளை பொடியன்
மச்சான் மூடிய யோசிக்காம தூக்கு. அத லக்குன்னு சொல்றதே தப்பு. ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் ஒரு ஸ்டேட் (ஸ்பீடு, டிஃபென்ஸ் மாதிரி) ரெண்டு படி ஏறும், இன்னொன்னு ஒரு படி எறங்கும், எது ஏறுது எது எறங்குதுங்கறது தான் லக்கு, மொத்த கணக்குல எப்பவும் ஒண்ணு லாபம். அதனால அவன் ஒண்ணுமே பண்ணாம ஒளிஞ்சிக்கிட்டு டைம் ஓட்டுனா போதும். மூடி அஞ்சாவது ஜென்ல (அஞ்சாவது தலைமுறை கேம்ல) வந்தப்ப இவேஷனும் (அடிய தப்பிக்கிற சான்ஸ்) ஏறும், அடிக்கிற அடியே படாது. 2019ல ஸ்வோர்ட் ஷீல்டுல கேம் செஞ்சவங்களே அக்யூரசியையும் (அடி படுற சான்ஸ்) இவேஷனையும் அதுலருந்து எடுத்துட்டாங்க. எடுத்த பிறகும் ஸ்மோகன்ல (ரசிகர்கள் போட்டி ரூல் எழுதுற சைட்) மூடிக்கு தடை இருக்கு, ஏன்னா அந்த ஒண்ணு லாபம் போகல.

தலவாக்கலை அக்கா
தம்பிமாரே கொஞ்சம் நில்லுங்க. அஃபீஷியல் விஜிசியில (போகிமான் கம்பெனியோட டபுள்ஸ் போட்டி, ஒரு நேரத்துல ரெண்டு ரெண்டு பேரா நிக்கும்) மூடிக்கு தடையே இல்ல, அங்க யாரும் செத்துப் போகல. டபுள்ஸ்ல ரெண்டு பேரு சேந்து அடிச்சா கிளேலி எங்க நிக்கும்? சிங்கிள்ஸ்லயும் வழி இருக்கு. டான்ட் (அடிக்காத மூவ போட விடாது) போட்டா ப்ரொடெக்டும் இல்ல சப்ஸ்டிட்யூட்டும் இல்ல. இன்ஃபில்ட்ரேட்டர் எபிலிட்டி வச்ச ட்ராகபுல்ட் சப்ஸ்டிட்யூட்ட தாண்டி அடிக்கும், ஹேஸ் மூவ் போட்டா ஏறுனது எல்லாம் போச்சு, டொன்டோசோ அன்அவேர் எபிலிட்டியில ஏறுன டிஃபென்ஸ கணக்குலயே எடுக்காது. 304 ஆடுறப்ப கை மோசமா வந்துச்சுன்னு சீட்ட கிழிக்கிறமா? புதுசா ஆட வர்ற சின்ன பசங்களுக்கு பெரிய ஆள தோக்கடிக்க அந்த கொஞ்சூண்டு லக்கு தான் இருக்கு, அதையும் புடுங்கிட்டா அடுத்த தீவாளிக்கு வருவாங்களா சொல்லுங்க

பண்டாரவளை பொடியன்
அக்கா ஒரு போகிமானுக்காக டீம்ல ஆறுல ஒரு எடத்த எல்லாரும் ஒதுக்கி வைக்கணும்னா அது எப்புடி. பெஸ்ட் ஆஃப் த்ரீ வச்சிட்டா சரியாப் போயிரும்னு யாரும் சொல்லிறாதீங்க, அத தான் எல்லாரும் சொல்லுவாங்க

ராகலை கணக்குப்புள்ள
பெஸ்ட் ஆஃப் த்ரீ கணக்க நான் சொல்றேன். நல்லா ஆடுறவன் ஒரு மேட்ச்ல ஜெயிக்க 60 பெர்சன்ட் சான்ஸ்னா மூணுல ரெண்டு ஜெயிக்க வெறும் 65 பெர்சன்ட் தான். அஞ்சுல மூணுன்னா 68. இதுக்காக ராத்திரி பூரா எவன் ஆடுறது, நம்ம பக்கம் மழை வந்தா சிக்னலே இருக்காது.

கோடு எங்கன்னு கேட்டா நான் இப்புடி பாப்பேன், அந்த லக்க யாரு தேடிப் போறது? ஹைட்ரோ பம்ப்னு ஒரு மூவ், 110 பவர், 80 அக்யூரசி. சர்ஃப் 90 பவர், 100 அக்யூரசி. ரெண்டுல எதுன்னு நான் தான் எடுத்தேன், மிஸ் ஆனா என் தலையெழுத்து, யார திட்டுறது. ஆனா மணல் புயல்ல சேண்ட் வெய்ல் கார்ச்சோம்ப் நின்னா என் சர்ஃபும் 80 ஆயிருது, அந்த 20 பவர் மட்டும் எனக்கு கெடைக்கல. எனக்கு வேணாம்னு சொன்ன சூதாட்டத்த அவன் என் மேல ஏத்துறான். அஞ்சாவது ஜென்ல மணல் புயல கெளப்புற டைரானிட்டார் எறங்குனா புயல் ஓயவே ஓயாது, இப்ப அஞ்சு டர்ன் தான், இருந்தாலும் சேண்ட் வெய்லையும் ஸ்னோ க்ளோக்கையும் (பனியில அதே வேல செய்யிறது) தூக்குறது தான் சரி. டபுள் டீம் (இவேஷன் ஏத்துற மூவ்), ஃபிஷர் (ஒரே அடியில கொல்லுற மூவ்) எல்லாம் இதோட சேந்து போகட்டும்.

செரீன் கிரேஸ் கொஞ்சம் சிக்கல். செரீன் கிரேஸ் வச்ச ஜிராச்சியோட அயர்ன் ஹெட் 60 பெர்சன்ட் ஃப்ளிஞ்ச் (அந்த டர்ன் நம்மாளு ஆட முடியாது), அவன் வேகமா இருந்து நம்மாளுக்கு பாரலிசிசும் (சில டர்ன் ஆட விடாது) இருந்தா பத்து டர்ன்ல சராசரியா மூணு டர்ன் தான் நம்மால ஆட முடியும். கேட்டா கோவம் வரும் தான். ஆனா ஸ்டீல் அடிய தாங்குற ஆள் எல்லார் டீம்லயும் இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் அவன் முன்னால வந்து நிக்கணும், கிளேலி மாதிரி ஒளிஞ்சிக்கிட்டு பெருசாக முடியாது. அத விட்டுருவேன்.

தலவாக்கலை அக்கா
சேண்ட் வெய்ல் சொன்னது சரி, அத எடுங்க. மூடிக்கு நான் இன்னும் ஒத்துக்கல. குயிக் க்ளாவ மட்டும் தொடாதீங்க, 20 பெர்சன்ட்டுக்காக ஐட்டம் எடத்தையே குடுக்குறான் பாவம்

ஹட்டன் கார்ச்சோம்ப்
சரி மூடி, சேண்ட் வெய்ல், ஸ்னோ க்ளோக், இவேஷன் ஏத்துற மூவ், ஒரே அடியில கொல்லுற மூவ் எல்லாம் அவுட். ஜிராச்சியும் குயிக் க்ளாவும் இருக்கட்டும். அக்கா கோவிச்சுக்காதீங்க, சின்ன பசங்களுக்குன்னு தனியா ஒரு டபுள்ஸ் வைக்கிறோம், அதுல மூடி ஓகே. கிங்ஸ் ராக் (அடிச்சா ஃப்ளிஞ்ச் ஆக வைக்கிற ஐட்டம்) பத்தி ஒருத்தரும் வாய் தொறக்கல, அது வெறும் 10 பெர்சன்ட் தானே?

ராகலை கணக்குப்புள்ள
ஒரு அடிக்கு தான் 10. ஸ்கில் லிங்க் எபிலிட்டி வச்ச க்ளாய்ஸ்டர் ஒரே டர்ன்ல அஞ்சு அடி அடிக்கும், அஞ்சுக்கும் சேத்து பாத்தா 41 பெர்சன்ட் வருது. ஷெல் ஸ்மாஷ் (ஸ்பீடும் அடியும் ஏத்துற மூவ்) போட்டுட்டு வந்தான்னா முடிஞ்சுது. தடை லிஸ்ட்ல எழுதிக்க

பண்டாரவளை பொடியன்
ஐயோ அது என் டீம் மச்சான் 😭