மிஸ்டுக்குப் பயந்து கண்ணாடியைக் கழற்றினேன்: லேசருக்குப் பிறகு கண் வறட்சி, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கோத்தகிரி, தேயிலை ஃபேக்டரியில் கணக்கு வேலை

எனக்கு இடது கண் மைனஸ் 5.5, வலது 6. எட்டாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. அது மலையில் என்ன பாடு என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். ஐப்பசியில் மிஸ்ட், அதாவது மூடுபனி, இறங்கிவிட்டால் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் நான்கு தடவை துடைக்க வேண்டும். குளிரிலிருந்து ஃபேக்டரிக்குள் நுழைந்தால் இலை வாட்டும் இடத்துச் சூட்டில் ஒரே வெள்ளை. எதிரே வணக்கம் சொல்வது மேனேஜரா வாட்ச்மேனா என்று தெரியாது. அதனால்தான் 2021-ல் கீழே இறங்கிப் போய் லாசிக் என்ற லேசர் ஆபரேஷன் செய்துகொண்டேன். அழகுக்காக இல்லை, கல்யாணத்துக்காகவும் இல்லை. இந்த மிஸ்டுக்காக.

மறுநாள் காலை பஸ் போர்டைக் கண்ணாடி இல்லாமல் படித்தபோது அழுதுவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்க மாட்டேன். இன்றைக்கும் பார்வை 6/6.

மூன்றாவது வாரத்தில் உறுத்தல் ஆரம்பித்தது. இமைக்குள் தேயிலைத் தூசு விழுந்து வெளியே வராத மாதிரி. ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். பலருக்கு அப்படித்தான் ஆகிறது. எனக்கு மூன்று வருடம் தாண்டிவிட்டது.

ஏன் என்று பிறகு வேறொரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். லாசிக்கில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மடலை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, திரும்ப மூடுகிறார்கள். வெட்டும்போது கருவிழியின் நரம்புகளும் அறுபடுகின்றன. 'காய்கிறது, கண்ணீர் அனுப்பு' என்று தகவல் சொல்வது அந்த நரம்புகள்தான். தகவல் போகாவிட்டால் கண்ணீரும் குறைகிறது, இமைப்பதும் குறைகிறது. நரம்பு மெதுவாகத் திரும்ப வளரும்; சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

அவர் கேட்ட முதல் கேள்வி, 'ஆபரேஷனுக்கு முன்னால் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தீர்களா?' போட்டேன், உறுத்தியது, விட்டுவிட்டேன். 'அதுவே ஓர் அடையாளம்மா' என்றார். இதை லேசர் செய்த இடத்திலும் சொல்லியிருந்தேன். 'அதான் லேசர் பண்ணப்போறோமே' என்று சிரித்தார்கள். பவர் அளந்தார்கள், கருவிழியின் தடிமன் அளந்தார்கள். கண்ணீரை அளக்கவில்லை. கீழ் இமையில் ஒரு சின்னக் காகிதப் பட்டையை மாட்டி 5 நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்லும் ஷிர்மர் பரிசோதனையை எனக்கு முதன்முதலில் செய்தது ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் கழித்து. 10 மில்லிமீட்டராவது நனைய வேண்டுமாம். எனக்கு வலது 4, இடது 6.

வீட்டில் நம்ப வைப்பதுதான் பெரிய வேலை. குளிர்காற்றில் நின்றால் எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். 'வறட்சிங்கறே, இப்படி ஊத்துதே' என்பார் அத்தை. காய்ந்துபோன கண் எரிச்சலில் அவசரத்துக்கு விடும் தண்ணீர் அது. கன்னத்தில் வழிந்து போகுமே தவிர கண்ணில் தங்காது. இதை எத்தனை தடவை விளக்கினேனோ. கடைசியில் அத்தை தோட்டத்து நந்தியாவட்டைப் பூவைக் கொண்டுவந்து கண்ணை மூடச் சொல்லி மேலே வைத்தார். குளுமையாக இருந்தது, அதுவரை சரி. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் என்று யார் சொன்னாலும் கண்ணுக்குள் எதையும் விடுவதில்லை.

இப்போது எனக்கு ஒரு தனிக் காலண்டர் இருக்கிறது. ஆடிக் காற்று கெட்டது. தென்மேற்கு மழை கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட, தொட்டபெட்டாவுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகை நல்லது. நான் எந்த மிஸ்டுக்குப் பயந்து ஓடினேனோ அதே மிஸ்டில்தான் என் கண் சும்மா இருக்கிறது! தையும் மாசியும் மோசம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், கண்ணைத் துளைப்பதைச் சொல்ல விட்டுவிட்டார்கள். உறைபனிக் காலத்துக் காற்றில் ஈரம் குறைவு; அதையும் அறைக்குள் அடைத்து ஹீட்டர் போட்டால் இன்னும் காயும். நான் ஹீட்டரை விட்டுவிட்டுக் கம்பளிக்கு மாறிவிட்டேன்.

காலையில் இமை கண்ணோடு ஒட்டியிருக்கும். சட்டென்று திறந்தால் உரிகிற மாதிரி வலி. அதனால் கண்ணைத் திறக்காமலே தலையணைக்குப் பக்கத்தில் தடவி, சொட்டு மருந்தை உள்மூலையில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, பிறகுதான் விடியல். மருந்தை மேஜையில் வைக்காதீர்கள். தை மாதக் காலையில் ஐஸ் தண்ணீர் விழுந்த மாதிரி இருக்கும். ராத்திரியே போர்வைக்குள் வைத்துக்கொள்வேன்.

உங்களில் யாருக்காவது வருடக்கணக்கில் இருந்து பிறகு குறைந்ததா? எது கேட்டது?


ஊட்டி, பள்ளி ஆசிரியர்

நல்ல செய்தியும் இருக்கட்டும். எனக்கும் லாசிக், 2017. நான்கு மாதம் மணிக்கொரு தடவை சொட்டு. சாக்பீஸ் தூள் பறக்கும் வகுப்பில் முதல் பருவம் முழுவதும் அவஸ்தை. அப்புறம் தானாகவே குறைந்துவிட்டது. இப்போது டிசம்பரில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் நாட்களில் மட்டும் ஒன்றிரண்டு சொட்டு. இதைப் படித்துவிட்டு எல்லோரும் பயந்துவிட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.


கொடைக்கானல், பூம்பாறைப் பக்கம் தங்கும் விடுதி

அக்கா, நீங்கள் எழுதியது என் கதைதான். நான் கண்ணாடியை விட்டது மிஸ்டுக்காக இல்லை, பைக் ஓட்டுவதற்காக.

நான் செய்தது ஸ்மைல் என்ற வேறொரு லேசர் முறை. அதில் பெரிய மடல் கிடையாது, சின்னக் கீறல் வழியாகவே உள்ளிருக்கும் சதையை எடுத்துவிடுவார்கள். நரம்பு அறுபடுவது குறைவு என்றார்கள். குறைவுதான், இல்லாமல் இல்லை. என் தொழில் வேறு எனக்கு எதிரி. சுற்றுலா வருகிறவர்கள் எல்லோருக்கும் ராத்திரி கேம்ப் ஃபயர் வேண்டும். விறகுப் புகையில் இரண்டு மணி நேரம் நின்று சிரித்துக்கொண்டே கரண்டி பிடிக்க வேண்டும். மறுநாள் கண் தக்காளி.

இரண்டு விஷயம் எனக்குக் கேட்டது. ஒன்று, மருந்தை மாற்றியது. பாட்டிலில் வரும் சொட்டு மருந்து பலவற்றில் கெடாமல் இருக்க பென்சால்கோனியம் குளோரைடு போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைக்குப் பரவாயில்லை. பத்துத் தடவை விட்டால் அந்தப் பிரிசர்வேட்டிவே கண்ணை அரிக்கிறது. நான் ஒரு வருடம் அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரே தடவை உடைத்துப் பயன்படுத்தும் குட்டிக் குப்பி. விலை கூடுதல். மலையில் பிளாஸ்டிக் கூடாது என்று விருந்தாளிகளிடம் பிரசங்கம் செய்துவிட்டு என் சட்டைப் பையிலிருந்து தினம் ஆறு குப்பி குப்பைக்குப் போகிறது, அது வேறு வெட்கம்.

இரண்டு, பிளக். இமையின் உள்மூலையில் கண்ணீர் வடியும் துளை இருக்கிறதல்லவா, அதில் கடுகு அளவு அடைப்பு வைத்தார்கள். ஐந்து நிமிட வேலை, வலி இல்லை. இருக்கிற கொஞ்சம் கண்ணீரும் மூக்குக்குள் போகாமல் தங்குகிறது. ஒன்று விழுந்துவிட்டது, திரும்ப வைத்தார்கள்.

சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதம் என்று அழற்சியைக் குறைக்கும் ஒரு சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். விடும்போது எரியும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தியது என் முட்டாள்தனம். அது வேலை காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று அப்போதே யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்.


குன்னூர்

எனக்கு ஆபரேஷனே இல்லை, ஆனாலும் வறட்சி. வயது 58. எல்லா வறட்சியும் தண்ணீர்க் குறைவு இல்லை. இமை ஓரத்தில் எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. அந்த எண்ணெய் கண்ணீரின் மேல் படிந்தால்தான் அது சீக்கிரம் ஆவியாகாது. எனக்கு அவை அடைத்துப்போயிருந்தன. மஞ்சள் சாயம் விட்டு, இமைக்காமல் பார்க்கச் சொல்லி, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணினார்கள். 10 நொடிக்கு மேல் நிற்க வேண்டியது எனக்கு 4-ல் உடைந்தது.

வைத்தியம்? வெதுவெதுப்பான ஒத்தடம். சுத்தமான காட்டன் சாக்ஸில் அரிசியைக் கட்டிச் சூடாக்கி, கையில் வைத்துப் பார்த்துவிட்டு மூடிய இமை மேல் பத்து நிமிடம். லேசர் செய்தவர்கள் அழுத்தவோ தேய்க்கவோ கூடாது, சும்மா வைத்தால் போதும். உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே செய்யுங்கள். என் வீட்டம்மா அந்த அரிசியை ஒருநாள் சோறாக்கிவிட்டாள், நல்லவேளை சாக்ஸ் புதுசு.

மீன் எண்ணெய் மாத்திரையும் ஒரு வருடம் சாப்பிட்டேன். 2018-ல் அமெரிக்காவில் 535 பேரை வைத்துச் சோதித்ததில் ஒரு வருடம் மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். என் பையன் காட்டினான். அந்தக் காசுக்கு மத்தி மீனே வாங்கியிருக்கலாம்.


கூடலூர், டிரைவர்

சொட்டு மருந்தெல்லாம் சரி அண்ணே, யாரும் ராத்திரி வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. கண் காய்ந்திருந்தால் எதிர் வண்டி ஹெட்லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சிதறும். இரண்டு தடவை நன்றாக இமைத்தால் தெளியும், மறுபடி மங்கும். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி. எந்த வளைவில் இமைப்பது? நான் இப்போது ராத்திரி வாடகை எடுப்பதில்லை. மாதம் பாதி வருமானம் போச்சு. கீழே இறங்கினால் ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்காமல் வென்ட்டைக் கீழே திருப்பிவிடுவேன். சளிக்குப் போடும் செட்டிரிசின் மாத்திரையும் கண்ணைக் காயவைக்கும் என்று டாக்டர் சொன்னார்.


பெயர் வேண்டாம், கொடைக்கானல்

நான் கொஞ்சம் வேறு மாதிரி. கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கண்ணீர் அளவும் ஓரளவு சரி. ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் வலி. 'கண் நன்றாக இருக்கிறது, மனசைப் பாருங்கள்' என்று மூன்று பேர் சொன்னார்கள். நான்காவது டாக்டர் கண்ணை மரத்துப்போக வைக்கும் ஒரு சொட்டை விட்டு, வலி நிற்கிறதா என்று கேட்டார். நிற்கவில்லை. அறுபட்ட நரம்பு தவறாக வளர்ந்தால், காயம் இல்லாமலே அது வலி சொல்லிக்கொண்டிருக்குமாம். நரம்பு வலிக்கான மாத்திரை சாப்பிடுகிறேன். பாதி குறைந்திருக்கிறது. என் வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்த அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அவ்வளவுதான் எழுத முடிகிறது.


ஊட்டி, கல்லூரி மாணவி

அக்கா, எனக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மைனஸ் 4. செய்யலாமா வேண்டாமா?


கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் என்று எழுதியவருக்கு, மூன்று தடவை படித்தேன். வேறு என்ன சொல்ல என்று தெரியவில்லை.

தங்கச்சி, செய், செய்யாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஊட்டி சாருக்கு நான்கு மாதத்தில் போய்விட்டது, எனக்குப் போகவில்லை. ஆனால் தேதிக்கு முன்னால் கண்ணீரை அளக்கச் சொல். அளந்தாயிற்று என்றால் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நொடி என்று நீயே கேட்டு எழுதி வாங்கிக்கொள். லென்ஸ் போட்டு உறுத்தியிருந்தால் சொல், சிரித்தால் திரும்பச் சொல். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிட்டால் அதையும் மறைக்காதே, அது கண்ணை வறட்டும். வறட்சி இருக்கிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத் தேதி வாங்கலாம், லேசர் எங்கும் ஓடிப்போகாது.

கொடைக்கானல் தம்பி, பிளக் பற்றி எனக்கு யாருமே சொன்னதில்லை. சனிக்கிழமை கீழே டாக்டரைப் பார்க்கப் போகிறேன், கேட்கிறேன். நீங்கள் சொல்லும் குட்டிக் குப்பி இங்கே மருந்துக்கடையில் வந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் கிடைக்கும். குன்னூர் அண்ணா, கூடலூர் அண்ணா, உங்களுக்கும் டப்பா வேண்டுமென்றால் வெள்ளி ராத்திரிக்குள் எழுதுங்கள். குஞ்சப்பனை தாண்டினால் எனக்கு சிக்னல் இருக்காது.