எட்டு அறை வீடும் ஒரு பழுப்புக் கோடும்

(ஞாயிறு, இரவு 8.40)

அத்தான்: 11 படம் அனுப்பியிருக்கிறேன். எட்டு அறை, இரண்டு கூடம், பின்னால் கல் படிக்கட்டு. எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை. நகரத்தில் இந்த விலைக்கு இரண்டு அறைகூடக் கிடைக்காது.

அக்கா: அப்பா அம்மாவுக்குக் கீழே தனி அறை. பிள்ளைகளுக்கு மாடி. லீவு விட்டால் நீங்கள் எல்லோரும் வந்து தங்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அண்ணி: கூடத்தைப் பெருக்கித் துடைப்பது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள் 😂

அம்மா: குளியலறை கீழேயா மாடியிலா

அத்தான்: கீழேதான் அத்தை. இரண்டே படி இறங்க வேண்டும்.

அம்மா: இரண்டா

சித்தப்பா: மாப்பிள்ளை, எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தீர்கள்?

அத்தான்: பதினொன்றரைக்கு, சின்ன மாமா. ஒன்றரை வரை இருந்தோம். நல்ல வெயில்.

சித்தப்பா: அந்த நேரத்தில் எந்தப் பள்ளத்தாக்கும் அழகாகத்தான் இருக்கும். வெயில் எப்போது வீட்டுக்கு வருகிறது, எப்போது மலைக்குப் பின்னால் போகிறது?

அத்தான்: அதைக் கவனிக்கவில்லை.

தம்பி: நார்வேயில் ரியூக்கான் என்று ஒரு ஊர். செப்டம்பர் கடைசியில் போன வெயில் மார்ச்சில்தான் திரும்பும், அவ்வளவு ஆழம். 2013இல் மலைமேல் 3 பெரிய கண்ணாடி வைத்து ஊர்ச் சதுக்கத்தில் வெயிலைத் திருப்பிவிட்டார்கள்.

அண்ணி: துணி காயப்போடச் சதுக்கத்துக்குப் போவார்களோ?

சித்தப்பா: கேலி செய்தாலும் துணிதான் விஷயம். காயாத இடத்தில் சுவரும் காயாது. சூரியன் போகிற பாதையைக் காட்டும் செயலி இருக்கிறது. ஆண்டிலேயே பகல் குறைவான நாளை அதில் வைத்து, முற்றத்தில் நின்று பாருங்கள்.

அக்கா: ஆனால் பள்ளத்தில் கதகதப்பாகத்தானே இருக்கும் சித்தப்பா? மேலே போனால்தானே குளிர்?

சித்தப்பா: பகலில் சரி. காற்று அடங்கிய தெளிந்த இரவில் தலைகீழ். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து அடியில் போய்த் தேங்கும். பனிமூட்டமும் அங்கேதான் நிற்கும். அடுப்புப் புகைகூட மேலே போகாமல் ஊர்மேல் படுதா கட்டும். சரிவின் நடுவில் இருக்கிற வீட்டுக்காரன் அவ்வளவு நடுங்க மாட்டான்.

அப்பா: அது இருக்கட்டும். ஆறு எவ்வளவு தூரம் மாப்பிள்ளை?

அத்தான்: தோட்டத்து எல்லையே ஓடைதான் மாமா. இப்போது கணுக்கால் அளவு தண்ணீர். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் வந்தால்தான் உள்ளே ஏறுமாம், தரகர் சொன்னார். அது வந்து 12 வருடம் ஆகிறதாம்.

அப்பா: அப்படியென்றால் இன்னும் 88 வருடம் இருக்கிறது. நான் இருக்க மாட்டேன் 😀

தம்பி: அப்பா, வெள்ளத்துக்குக் காலண்டர் தெரியாது. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதற்கு அர்த்தம். போன வருடம் வந்திருந்தாலும் இந்த வருடம் அதே ஒன்றுதான். 30 வருடம் குடியிருந்தால் ஒருமுறையாவது வருவதற்கு 26 சதவீதம்.

அப்பா: நாலில் ஒன்றா!

நான்: எல்லோரும் 7வது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சமையலறைச் சுவர். முழங்கால் உயரம் வரை ஒரு வெள்ளை, அதற்கு மேலே வேறு வெள்ளை.

அண்ணி: ஆமாம்! கீழே மட்டும் புதுசு.

அக்கா: நிழலாக இருக்கும்.

அத்தான்: மாடிப்படிக்கு அடியில் ஒரு மர அலமாரி இருந்தது, அதையும் வீடியோ எடுத்தேன். இதோ.

சித்தப்பா: 14ஆவது நொடியில் நிறுத்துங்கள். கதவின் உட்பக்கம்.

நான்: பழுப்புக் கோடு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி.

சித்தப்பா: தரையிலிருந்து ஓதம் ஏறினால் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கும், சுவரில் உப்புப் பூக்கும், காரை உதிரும். இவ்வளவு நேர்கோடு என்றால் தண்ணீர் வந்து நின்ற மட்டம். சுவருக்கு வர்ணம் அடித்தவர்கள் அலமாரிக்குள் பார்க்கவில்லை.

(அக்கா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

அப்பா: விற்பவர்கள் எத்தனை பேர்?

அத்தான்: அண்ணன் தம்பி நாலு பேர். மூன்று பேர் கையெழுத்துக்குத் தயார்.

அப்பா: நாலாமவரைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சித்தப்பா: 9வது படத்தில் பின்பக்கத் தடுப்புச் சுவர். மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் வெளியேறத்தான் அதில் துளை விடுவார்கள். இங்கே அழகுக்காக எல்லாவற்றையும் பூசி அடைத்திருக்கிறார்கள். நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது பாருங்கள். தண்ணீர் பின்னாலிருந்து தள்ளுகிறது.

தம்பி: கூரை எவ்வளவு இருக்கும் அத்தான்?

அத்தான்: 250 சதுர மீட்டர் என்றார்கள்.

தம்பி: 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் கூரையிலிருந்து மட்டும் 10,000 லிட்டர். அதுவும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் போகிறதோ என்னவோ.

அக்கா: சரி, எல்லோரும் சேர்ந்து வீட்டை இடித்தாயிற்று. தூங்கப் போகிறேன்.

(செவ்வாய், மாலை 6.15)

அத்தான்: விடியற்காலையே போய் நாள் முழுக்க இருந்தேன். முற்றத்துக்கு வெயில் வந்தது 9.50. போனது 3.10. காலையில் எதிர்வீடே தெரியவில்லை, பனி.

அண்ணி: ஐந்தரை மணி நேரம்கூட இல்லை!

அத்தான்: பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வெள்ளம் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லாமல் அவர் வீட்டு நிலைக்கதவுக்குக் கூட்டிப்போனார். ஆணியால் கீறிய இரண்டு கோடு. ஒன்று தொடை உயரம், அது 12 வருடத்துக்கு முந்தையது. இன்னொன்று முழங்கால். அது எப்போது என்றேன். நாலு வருடம்தான் ஆகிறதாம்.

அப்பா: தரகர் அதைச் சொல்லவில்லையே!

அத்தான்: நூறு வருட வெள்ளத்தைப் பற்றித்தானே சொன்னார் மாமா 😐

அக்கா: சமையலறையில் பார்த்த அதே முழங்கால்.

சித்தப்பா: கழிவுத்தொட்டி அப்போது என்ன ஆனதாம்?

அத்தான்: அதைப் பாட்டி சொன்ன விதத்தில் நான் இங்கே எழுத முடியாது.

அக்கா: எனக்கு வேண்டாம். விடுங்கள்.

அத்தான்: இரு. கிளம்பும்போது பாட்டி ஒன்று சொன்னார். சரிவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, அதை யாரும் காட்டவில்லையா என்று. போய்ப் பார்த்தேன். ஆறே அறைதான். நாலு மணிக்கும் திண்ணையில் வெயில். தடுப்புச் சுவர்த் துளையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்ன மாமா, சொட்டினால் நல்லதுதானே?

சித்தப்பா: சேறில்லாமல் தெளிவாகச் சொட்டினால் நல்லது. மழை வலுத்த பிறகு ஒருமுறை போய்ப் பார்ப்போம், நானும் வருகிறேன்.

அக்கா: வண்டி வாசல் வரை போகிறதா?

அத்தான்: இல்லை, ரோட்டிலேயே நின்றுவிடும். மேலே நடக்க வேண்டும்.

அக்கா: எத்தனை படி?

அத்தான்: 43. அத்தை குழுவில் இருக்கிறார்கள், மெதுவாகக் கேள்.

அம்மா: பார்த்துவிட்டேன்