1.6 ஃபிளைவீல், 1.8 என்ஜின்: கிளட்ச் எதைப் போடுவது?

கேள்வி:
எக்ஸோசெட் கிட் கார் (வேறொரு காரின் பாகங்களை வைத்து நாமே கட்டுவது), பாகங்கள் எடுத்த டோனர் கார் 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். இப்போது 1994 காரின் 1.8 என்ஜினை ஏற்றுகிறேன். கியர் பாக்ஸ் பழைய 5 ஸ்பீடுதான். வாங்கிய என்ஜினோடு ஃபிளைவீல் வரவில்லை. 1.6 ஃபிளைவீலை வைத்துப் பார்த்தால் ஆறு போல்ட்டும் நேராக இறங்குகிறது, ஆனால் 1.8 பிரஷர் பிளேட் அதில் உட்காரமாட்டேன் என்கிறது. எதை மாற்றுவது?

பதில் 1:
ஃபிளைவீலை மாத்துங்க. கிராங்க் (என்ஜினின் சுழல் தண்டு) பக்கம் ரெண்டுக்கும் ஒரே அமைப்பு, அதான் உட்காருது. கிளட்ச் பக்கம் வேற: கிளட்ச் விட்டம் 1.6-க்கு 200 மி.மீ., 1.8-க்கு 215. கவர் (அதான் பிரஷர் பிளேட்) போல்ட் ஓட்டையும் லொகேட்டிங் பின்னும் அந்தந்த அளவுக்குத்தான் இருக்கும். லேத்துல புதுசா ஓட்டை போட்டுத் தரேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, சென்டர் கொஞ்சம் விலகினாலும் பேலன்ஸ் போயிடும்.

1.8 ஃபிளைவீல், 215 கவர், 215 கிளட்ச் பிளேட் மூணும் ஒரே செட்டா வாங்குங்க. ஸ்ப்ளைன் (பிளேட்டும் கியர் பாக்ஸ் ஷாஃப்டும் கோக்குற பல்வரிசை) ஒண்ணுதான், பழைய கியர் பாக்ஸ் அப்படியே ஏத்துக்கும். ரிலீஸ் பேரிங்கும் அதேதான்.

கேள்வி கேட்டவர்:
செலவைக் குறைக்க 200 செட்டையே முழுசாப் போட்டால்? வண்டி லேசுதானே.

பதில் 1:
போடலாம், ஓடும். லேசான வண்டியில கிளம்பும்போது கிளட்ச் சூடாகுறது குறையும், அவ்வளவுதான். டாப் கியர்ல முழுசா மிதிச்சா என்ஜின் டார்க் மொத்தமும் கிளட்ச் மேலதான், அங்க வண்டி எடை உதவாது. பின்னாடி டர்போ யோசனை இருந்தா 200 வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
பழைய 1.8 ஃபிளைவீல் வாங்கினால் முகத்தில் நீலத் திட்டும் மயிரிழை வெடிப்பும் இருக்கிறதா பாருங்கள். லேசான திட்டு மெஷினிங்கில் போகும், வெடிப்பு இருந்தால் எடுக்காதீர்கள். இந்தக் காரில் பைலட் பேரிங் (கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்குவது) ஃபிளைவீலின் நடுவில்தான் இருக்கிறது, கிராங்கில் இல்லை. அதனால் புதுசு அடித்துவிட்டே ஏற்றுங்கள். அது இறுகினால் கிளட்ச் மிதித்தாலும் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், கியர் உரசும். ஆனால் பலருக்கும் கிளட்ச் ஹைட்ராலிக் (மிதியின் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கடத்தும் அமைப்பு) மேலேதான் முதல் சந்தேகம் வரும்.

ஃபிளைவீல் போல்ட் ஓட்டைகள் ஆயில் பக்கம் திறந்திருக்கும். மரையில் பழைய சீலன்ட்டைச் சுரண்டிவிட்டு புதுசு தடவுங்கள், இல்லாவிட்டால் கசியும் ஆயில் கிளட்ச் பிளேட்டுக்கு வரும். பின் கிராங்க் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். என்ஜினுக்குப் பின்னால் வரும் எண்ட் பிளேட் ஃபிளைவீலுக்கு முன்பே ஏற வேண்டும், மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

ஃபிளைவீல் போல்ட் 96 முதல் 103 நியூட்டன் மீட்டர். கவர் போல்ட் 18 முதல் 26. கவரை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் கவர் வளைந்து, கிளட்ச் விடும்போது வண்டி உதறும்.

பதில் 3:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங் துருத்திய பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்கணும். திருப்பிப் போட்டால் ஹப் ஃபிளைவீலில் முட்டும், கிளட்ச் விலகாது. கவரை இறுக்கும் முன்னாடி பிளேட்டை இன்புட் ஷாஃப்டில் தனியாகச் செருகிப் பாருங்க, தடையில்லாம வழுக்கணும். கிரீஸ் ஸ்ப்ளைனில் மெல்லிசா ஒரு பூச்சு போதும், மிச்சத்தைத் துடைச்சிடுங்க. பிறகு அலைன்மெண்ட் டூலை வைத்து நடுவில் நிறுத்தி கவரை இறுக்குங்க. கியர் பாக்ஸ் கடைசி ஒரு அங்குலத்தில் நின்றால் பெல் ஹவுசிங் போல்ட்டை இறுக்கி இழுக்காதீங்க, பிளேட் நடுவில் இல்லைன்னு அர்த்தம்.