புதுப்பிப்பு: டெபியன் 12-ல புது லிப்ரெஆபீஸ்

பாளையங்கோட்டை டிடிபி கடையில டெபியன் 12 (ஒரு லினக்ஸ்) ஓடுற கம்ப்யூட்டருக்கு, புது லிப்ரெஆபீஸ் வேணும்னா பேக்போர்ட்ஸ் (புது வெர்ஷன்களை பழைய டெபியனுக்குன்னு கட்டித் தர்ற களஞ்சியம்) போதும்னு முன்னாடி எழுதியிருந்தேன்லா, அதோட தொடர்ச்சி. ஆப்ட்டோட (டெபியன்ல மென்பொருள் ஏத்துற கருவி) மூலப் பட்டியல்ல பேக்போர்ட்ஸ் வரியைச் சேத்து ‘ஆப்ட் அப்டேட்’, ‘ஆப்ட் அப்கிரேட்’ கொடுத்தும் பழைய 7.4-தான் நிக்குதுன்னு கேட்ட அண்ணாச்சிக்கு: அது கோளாறு இல்ல. டெபியன் 12-ஓட வழக்கமான களஞ்சியத்துக்கு முன்னுரிமை 500, பேக்போர்ட்ஸுக்கு வெறும் 100. தானா ஏறாது. ‘ஆப்ட் இன்ஸ்டால்’ பக்கத்துல ஹைஃபன், சின்ன ‘டி’, அப்புறம் ‘புக்வார்ம்-பேக்போர்ட்ஸ்’ (புக்வார்ம்ங்கிறது டெபியன் 12-ஓட பேரு), கடைசில ‘லிப்ரெஆபீஸ்’னு பேரைச் சொல்லிக் கேக்கணும். தமிழ் இடைமுகப் பேக்கேஜையும் அதே வரியில போட்டுருங்க. இல்லன்னா வெர்ஷன் முட்டிக்கிட்டு அதைக் கழட்டப் பாக்கும். ஒருக்கா ஏறிட்டா, அடுத்த அப்கிரேடுல இருந்து பேக்போர்ட்ஸ் வெர்ஷனே தானா தொடரும். எது எங்கருந்து வருதுன்னு ‘ஆப்ட் பாலிசி’ காட்டும். அவசரப்பட்டு ‘சிட்’ (டெபியனோட இன்னும் நிலைப்படாத கிளை) வரியை மட்டும் சேத்துராதீங்க. கூடவே லிப்சியும் (எல்லா மென்பொருளும் நம்பி நிக்குற அடிப்படை நூலகம்) ஏறிட்டுன்னா, கீழ இறக்குறது பெரும்பாடு.