லேப்டாப் மோடம் கார்டுல ஏடி கமாண்ட் அடிச்சா "நோ டயல்டோன்"னு வருது, இன்டர்காம் லைன்ல ஓட்ட வழி இருக்கா?

பாமணிக்கரை:
வணக்கம் மக்களே. நீடாமங்கலம் பக்கம் எங்க பெரியப்பா ரைஸ் மில்லு, எடைமேடை ரூம் கேட்டுகிட்ட இருக்கு, ஆபீஸ் களத்தைத் தாண்டி உள்ள, ரெண்டுக்கும் நடுவுல இன்டர்காம் ஒயர் மட்டும் ரொம்ப வருஷமா ஓடுது. பழைய லேப்டாப் ரெண்டு சும்மா கெடக்கு, ரெண்டுலயும் பிசிஎம்சிஐஏ மோடம் கார்டு (ஸ்லாட்ல சொருகி போன் ஒயர மாட்டுறது), லினக்ஸ் போட்டு மினிகாம்ங்கற மோடத்தோட பேசுற புரோகிராம்ல ஏடின்னு (மோடத்துக்கு குடுக்குற கட்டளை இப்படித்தான் ஆரம்பிக்கும்) அடிச்சா ஓகேன்னு பதில் வருது. ஆனா ஏடிடிடி12ன்னு ஆபீஸ் எக்ஸ்டென்ஷனுக்கு போட்டா கொஞ்ச நேரம் முழிச்சிட்டு நோ டயல்டோன்னு சொல்லுது. அதே ஒயர்ல போனை மாட்டி காதுல வச்சா டோன் நல்லாவே கேக்குது. நெட் எல்லாம் வேணாம், லோடு எடை டெக்ஸ்ட் ஃபைல் போனா போதும். கார்டு அவுட்டா?

வெண்ணாத்துக்காரன்:
ஓகே சொல்ற கார்டு எப்படிங்க அவுட்டாகும். இன்டர்காம் பாக்ஸ் குடுக்குற டோன் வெளி லைன் டோன் மாதிரி இருக்காது, நம்ம காதுக்கு ரெண்டும் டோன்தான், மோடம் அதை ஒத்துக்காது. டயல் டோனுக்கு காத்திருக்காதன்னு சொல்லிடுங்க, ஏடிஎக்ஸ்3டிடி12. எக்ஸ்4ல டோனையும் பாக்கும் பிஸியையும் பாக்கும், எக்ஸ்3ல பிஸி மட்டும்தான். அந்தப் பக்கம் ரிங்னு வந்தா ஏடிஏ அடிச்சா எடுத்துக்கும், இல்ல ஏடிஎஸ்0=1 போட்டு வச்சா தானா எடுக்கும், ஆபீஸ்ல ஆள் உக்காந்திருக்க வேணாம். இன்னொன்னு, ஏடி ரெண்டும் பெரிய எழுத்தா இருக்கணும் இல்ல ரெண்டும் சின்ன எழுத்தா இருக்கணும், ஒன்னு பெருசு ஒன்னு சின்னதுன்னா கண்டுக்காது.

குடந்தை டிகிரி:
ரெண்டு வைஃபை ரவுட்டர் வாங்கி மாட்டினா முடிஞ்சுது, இது என்னத்துக்கு தம்பி வேண்டாத வேலை 😄

பாமணிக்கரை:
அண்ணே நடுவுல தகர ஷெட்டு, நெல்லு மூட்டை அடுக்கு, சிக்னல் வர்ல. அதுவும் இல்லாம இருக்கறத வச்சு ஓட்டிப் பாக்கணும்னு ஒரு ஆசைதான்.

கல்லணை கால்வாய்:
மாட்டுறதுக்கு முன்னாடி ஒன்னு கவனிங்க. ஆபரேட்டர் டேபிள்ல டிஸ்ப்ளே வச்ச கீ ஃபோன் இருக்கும்ல, அந்த போர்ட்ல மோடத்த சொருகிடாதீங்க, அதுல வர்ற கரண்ட் வேற, கார்டு புகைஞ்சாலும் புகையும். சாதா போன் ஓடுற போர்ட்னா பயமில்ல. இடி மின்னல்னா ஜாக்கை புடுங்கி வச்சிடுங்க, ஐப்பசி அடைமழைல போன் ஒயர் வழியா வந்து எரிஞ்ச மோடம் எங்க ஊர்ல நெறைய.

கார்டுல 56கேன்னு (செகண்டுக்கு 56 கிலோபிட்) எழுதியிருக்கும், நம்பாதீங்க. அந்த வேகம் வரணும்னா ஒரு முனை டிஜிட்டலா இருக்கணும், நெட் குடுக்குற கம்பெனி (ஐஎஸ்பி) பக்கம் அப்படித்தான் இருந்துச்சு. சாதா மோடம் ரெண்டு பேசிக்கிட்டா 33.6கே தான் உச்சம், அதாவது 1 எம்பிக்கு 4, 5 நிமிஷம். எடை சீட்டு டெக்ஸ்ட் தானே, சுருக்கி அனுப்பிக்கும், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். எல்ஆர்எஸ்இசட்ங்கற ஃபைல் அனுப்புற புரோகிராம் போட்டுக்கங்க, மினிகாம்ல கண்ட்ரோல் ஏ அடிச்சு எஸ் தட்டினா இசட்மோடம்னு ஃபைல் அனுப்புற முறை வரும்.

லைன கட் பண்ண ஒரு செகண்ட் சும்மா இருந்துட்டு +++ அடிங்க, என்டர் தட்டக்கூடாது, திரும்ப ஒரு செகண்ட் சும்மா இருக்கணும், ஓகே வந்தப்புறம் ஏடிஎச். அவசரப்பட்டு படபடன்னு அடிச்சா அந்த மூனு பிளஸ்ஸும் அந்தப் பக்கம் எழுத்தா போயி விழும், லைன் அப்படியே நிக்கும்.

பாமணிக்கரை:
வெண்ணாத்துக்காரன் அண்ணே சூப்பர், எக்ஸ்3 போட்டதும் அந்தப் பக்கம் மணி அடிச்சு கீகீன்னு கத்திட்டு எடுத்துருச்சு, பெரியப்பா என்னடா கோழிய புடிச்சு வச்சிருக்கியான்னு கேட்டாரு. ஃபைலும் போச்சு. ஆனா கனெக்ட் 115200ன்னு காட்டுது, கால்வாய் சார் 33.6ன்னாரே?

கல்லணை கால்வாய்:
அது லேப்டாப்புக்கும் கார்டுக்கும் நடுவுல இருக்கற வேகம், ஒயர்ல ஓடுறது இல்ல. சில கார்டுல ஏடிடபிள்யூ2 அடிச்சா நெஜ வேகம் காட்டும். கத்தல் வேணாம்னா ஏடிஎம்0. ஆபீஸ் பக்க செட்டிங் எல்லாம் சரியானதும் ஏடி&டபிள்யூ அடிச்சு சேவ் பண்ணி வைங்க, கரண்ட் போயி வந்தாலும் ஏடிஇசட் அடிச்சா திரும்ப வந்துடும்.